ஒரே உலை, ஒரே வீடு: வலயச் சட்டங்களின் வரலாறும் நாமும்

சென்ற மாரியில் ஒரு சனிக்கிழமை பின்னேரம் எங்கள் தெருவில் வசிக்கும் தமிழர் ஒருவர் கையில் ஒரு தாளுடன் வந்து கதவைத் தட்டினார். நாலு வீடு தள்ளி இருப்பவர். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு ஒருவரையொருவர் அழைக்கும் அளவுக்குப் பழக்கம். "அண்ணை, ஒரு கையெழுத்து வேணும்" என்றார். தெரு முனையிலுள்ள வீட்டை வாங்கியவர் அதை அறை அறையாக வாடகைக்கு விட்டிருக்கிறாராம். ஏழெட்டுப் பெடியள், எல்லோரும் படிக்க வந்த வட இந்தியப் பிள்ளைகள். குப்பைத் தொட்டி நிரம்பி வழிகிறது, வாசலில் சைக்கிள்கள் கிடக்கின்றன, இரவு இரண்டு மணிக்கும் ஆள் நடமாட்டம். இப்படியான வீடுகளை எங்கள் வட்டாரத்தில் அனுமதிக்கக்கூடாது என்று மாநகரசபைக்கு ஒரு மனு. "இது குடும்பங்கள் இருக்கிற றோட்டு அண்ணை. இப்பிடியே விட்டால் நாளைக்கு எங்கட வீடுகளுக்கு என்ன விலை கிடைக்கும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று அவரை அனுப்பிவிட்டேன். இக்கட்டுரை அந்த யோசனையின் விளைவு. அவரைக் குறைகூற இதை எழுதவில்லை. அவர் சொன்ன இரண்டு சொற்கள், 'குடும்பம்' என்பதும் 'விலை' என்பதும், நூறு வருடங்களுக்கு மேலாக இந்தக் கண்டத்தின் நகரங்களைக் கூறுபோட்டு வந்த சொற்கள். அவை எங்கிருந்து வந்தன, யாருக்கு எதிராக வந்தன என்பதை நாம் அறிந்திருக்கவேண்டும் என்பதே என் கருத்து.

முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1987இல் நான் இந்நாட்டுக்கு வந்தபோது ரொறன்ரோவைச் சூழ்ந்திருந்த புறநகரொன்றில் ஒரு வீட்டின் பேஸ்மன்ற்றில் ஏழு பேராக இருந்தோம். இருவர் பகலில் நித்திரை, ஐவர் இரவில் நித்திரை. மெத்தைகள் ஐந்து போதுமாக இருந்தன. வீட்டுக்காரரும் எங்கள் பக்கத்து ஊரவர்தான். அவர் எங்களுக்கு இரண்டு கட்டளைகள் இட்டிருந்தார். முதலாவது, யாராவது வந்து கேட்டால் எல்லோரும் சொந்தக்காரர் என்று சொல்லவேண்டும். இரண்டாவது, கதவு தட்டப்பட்டால் அடுப்பின்மேல் ஒரு பலகையை வைத்து, பூப்போட்ட துணியொன்றை விரித்து, அதன்மேல் சாமிப்படத்தை வைக்கவேண்டும். அடுப்பு ஏன் ஒரு குற்றம் என்று எங்களுக்கு விளங்கவில்லை. நாட்டில் ஆயுதத்தை ஒளித்தவர்களைப் பார்த்திருக்கிறோம். இங்கே நாங்கள் அடுப்பை ஒளித்தோம்.

பல வருடங்களின் பின்னரே அதன் காரணத்தை அறிந்தேன். சட்டத்தின் கண்ணில் ஒரு சமையலறை என்றால் ஒரு குடியிருப்பு. இரண்டாவது சமையலறை இருந்தால் அது இரண்டாவது குடியிருப்பு. அந்தத் தெரு 'ஒரு வீட்டுக்கு ஒரு குடியிருப்பு' என்று வரையறுக்கப்பட்ட வலயத்தில் இருந்தது. ஆக, எங்கள் சோற்றுப் பானைதான் சட்டவிரோதம்.

'வலயம்' என்ற சொல்லை எமக்கு முதலில் கற்றுத்தந்தது புவியியல் பாடம்: வெப்ப வலயம், இடைவெப்ப வலயம். பின்னர் இராணுவம் கற்றுத்தந்தது: உயர் பாதுகாப்பு வலயம். மூன்றாவது முறையாக அதை உள்ளூராட்சிச் சபைகளின் மொழியில் கற்றுக்கொள்கிறோம். நகரசபை தன் எல்லைக்குள் உள்ள நிலம் முழுவதையும் வரைபடத்தில் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் நிறமும் எழுத்தும் கொடுக்கிறது. இங்கே வீடு மட்டும், இங்கே கடை, இங்கே தொழிற்சாலை. எவ்வளவு உயரம், வேலியிலிருந்து எத்தனை அடி தள்ளி, ஒரு காணியில் எத்தனை குடியிருப்பு, எத்தனை கார் நிறுத்த இடம் என்பதெல்லாம் அந்த எழுத்துக்குள் அடக்கம். பிரித்தானியாவின் வழி வேறு. 1947ஆம் ஆண்டின் நகர, நாட்டுத் திட்டமிடல் சட்டம் நிலத்தில் கட்டும் உரிமையையே அரசின் அனுமதிக்கு உட்படுத்தி, ஒவ்வொரு விண்ணப்பத்தையும் தனித்தனியே பரிசீலிக்கச் செய்தது. வட அமெரிக்காவிலோ வரைபடமே சட்டம்.

இந்த யோசனை பிறந்த இடமாகப் பொதுவாக யேர்மனியைச் சொல்வார்கள். 1891இல் பிராங்பேர்ட் நகரம், நகரபிதா பிரான்ஸ் அடிக்கஸின் காலத்தில், உள்நகருக்கு ஒரு விதி, வெளிநகருக்கு ஒரு விதி, தொழிற்சாலைகளுக்குத் தனி இடம் என்று நகரைப் பிரித்தது. புகையும் நெரிசலும் மனிதரைக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. அந்த நோக்கத்தை யாரும் குறைகூற முடியாது. தோல் பதனிடும் சாலைக்குப் பக்கத்தில் பிள்ளை வளர்க்க யாருக்கும் விருப்பமில்லை.

ஆனால் இதற்கு இன்னொரு பிறப்பிடமும் உண்டு. அது கலிபோர்னியா. 1880களில் அங்கே சீனர்கள் செய்யக்கூடிய தொழில்கள் சிலவே. உடுப்புத் தோய்த்துக் கொடுப்பது அவற்றில் முக்கியமானது. மொடெஸ்ரோ என்ற சிறு நகரம் 1885இல் ஒரு விதி இயற்றியது. தோய்ப்புச்சாலைகள் இரயில் பாதைக்கு மேற்கே, குறித்த ஒரு தெருவுக்குத் தெற்கே மட்டும்தான் இருக்கலாம். சீனர்கள் ஏற்கனவே ஒதுக்கப்பட்டிருந்த பகுதி அதுதான். விதியில் 'சீனர்' என்ற சொல்லே இல்லை. தேவையும் இருக்கவில்லை. 1886இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவ்விதியைச் சரியென்றது.

அதே ஆண்டில் சான் பிரான்சிஸ்கோவின் வழக்கொன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. மரக் கட்டடத்தில் தோய்ப்புச்சாலை நடத்துவதற்கு நகர மேற்பார்வையாளர் சபையின் அனுமதி வேண்டும் என்பது 1880ஆம் ஆண்டின் விதி. காரணம் தீ அபாயம். நகரத்தில் ஏறக்குறைய 320 தோய்ப்புச்சாலைகள். அவற்றில் சுமார் 240 சீனர்களுடையவை. 310 வரையானவை மரக் கட்டடங்கள், வீடுகளில் பெரும்பாலானவையும் மரத்தாலானவைதான். விண்ணப்பித்த சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் அனுமதி கிடைக்கவில்லை. சீனரல்லாத எண்பது பேரளவில் விண்ணப்பித்தார்கள். ஒருவரைத் தவிர அனைவருக்கும் கிடைத்தது. 22 வருடங்களாகத் தொழில் நடத்திய 'யிக் வோ' தோய்ப்புச்சாலையின் உரிமையாளர் சிறை சென்றார். சட்டத்தின் முகம் எவ்வளவு நடுநிலையாக இருந்தாலும், தீய கண்ணோடும் சமனற்ற கையோடும் அது செயற்படுத்தப்படுமானால் அது நீதியல்ல என்ற கருத்தில் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்துத் தீர்ப்பளித்தனர்.

இங்கே ஒரு பாடம் இருக்கிறது. தீ அபாயம் உண்மையானது. மரக் கட்டடங்கள் எரியும். ஆனால் எந்த மரம் எரியும் என்பதை உரிமையாளரின் தோலைப் பார்த்து அந்தச் சபை தீர்மானித்தது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்ததும் பூசிமெழுகல் குறைந்தது. 1910இல் பால்ரிமோர் நகரில் ஒரு கறுப்பின வழக்கறிஞர் வெள்ளையர் தெருவொன்றில் குடிவந்தார். அந்த ஆண்டே நகரசபை, வெள்ளையர் பெரும்பான்மையாக உள்ள தெருவில் கறுப்பர் குடியேறக்கூடாது, கறுப்பர் பெரும்பான்மையாக உள்ள தெருவில் வெள்ளையர் குடியேறக்கூடாது என்று விதி செய்தது. இரு பக்கமும் சமன் என்று காட்டுவதற்காக அந்த இரண்டாவது பாதி. தென்மாநில நகரங்கள் பல இதைப் பின்பற்றின. 1914இல் லூயிவில் நகரம் இயற்றிய விதிக்கு எதிராக ஒரு வழக்குத் திட்டமிட்டே உருவாக்கப்பட்டது. கறுப்பினச் செயற்பாட்டாளரான வில்லியம் வார்லி ஒரு வெள்ளையரிடம் காணி வாங்க ஒப்பந்தம் செய்து, 'அங்கே குடியிருக்கச் சட்டம் என்னை விடாது, ஆகவே காசு தரமாட்டேன்' என்று மறுத்தார். விற்க முடியாமற்போன வெள்ளையர் வழக்குப் போட்டார். 1917இல் உச்ச நீதிமன்றம் விதியைத் தள்ளுபடி செய்தது. ஏன்? தன் சொத்தை விரும்பியவருக்கு விற்கும் வெள்ளையரின் உரிமை பறிக்கப்பட்டது என்பதுதான் தீர்ப்பின் பிரதான நியாயம். கறுப்பரின் குடியிருக்கும் உரிமையைக் காப்பாற்ற வெள்ளையரின் விற்கும் உரிமை தேவைப்பட்டது!

நிறத்தால் பிரிக்க முடியாது என்றானபின் எதனால் பிரிப்பது? விடையைக் கட்டடங்களே தந்தன. 1916இல் நியூயோர்க் நகரம் முழு நகருக்குமான வலய விதியை இயற்றியது. வானளாவிய கட்டடங்கள் தெருக்களை இருளாக்குகின்றன என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஐந்தாம் அவெனியூவின் பெரிய கடைக்காரர்களுக்கு, பக்கத்துத் தையல் தொழிற்சாலைகளின் தொழிலாளர்கள் மதியவேளையில் நடைபாதையை நிறைப்பது பிடிக்கவில்லை. அத்தொழிலாளர்களில் பெரும்பாலோர் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதக் குடியேறிகள்.

பத்து வருடங்களின் பின், 1926இல், யூக்கிளிட் வழக்குத் தீர்க்கப்பட்டது. இன்றுவரை வட அமெரிக்கா முழுவதிலும் வலயச் சட்டம் என்றால் யூக்கிளிட் என்றே சொல்வார்கள். கேத்திரகணிதக்காரரின் பெயர்தான், ஆனால் இது கிளீவ்லாந்து நகருக்கு அருகிலுள்ள ஒரு கிராமம். 1922இல் அது தன் நிலத்தை ஆறு பயன்பாட்டு வகுப்புகளாகப் பிரித்தது. உச்சியில் இருந்தது தனிக் குடும்ப வீடு. அம்ப்ளர் என்ற காணிக் கொம்பனி தன் 68 ஏக்கரைத் தொழிற்சாலைகளுக்கு விற்கக் காத்திருந்தது. ஏக்கர் 10,000 டொலருக்குப் போகக்கூடிய நிலம் 2,500க்கு இறங்கிவிட்டது என்று முறையிட்டது. கீழ் நீதிமன்ற நீதிபதி கொம்பனிக்குச் சார்பாகத் தீர்த்தபோது ஓர் உண்மையையும் போட்டுடைத்தார். இவ்விதியின் விளைவு, மக்களை வருமானத்தின்படி பிரித்து ஒதுக்குவதே என்றார். உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் கிராமத்தின் பக்கம் நின்றது. தீர்ப்பெழுதிய நீதிபதி சதர்லாண்ட், தனி வீடுகளுள்ள பகுதிக்கு வரும் அடுக்குமாடிக் கட்டடத்தை ஒட்டுண்ணிக்கு ஒப்பிட்டார். தொழிற்சாலையைப் பற்றியல்ல, புகைபோக்கியைப் பற்றியல்ல, மனிதர் வாடகைக்குக் குடியிருக்கும் கட்டடத்தைப் பற்றிய ஒப்புமை இது. வாடகைக்கு இருப்பவன் சூழலை மாசுபடுத்துபவன் என்ற எண்ணம் அன்று சட்டமாயிற்று.

கனடாவில் இப்படியெல்லாம் நடக்கவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. ரொறன்ரோவில் யூக்கிளிட்டுக்கு முன்னரே இது நடந்தது. நகரின் நடுவே 'வார்ட்' என்றழைக்கப்பட்ட பகுதியில் யூதரும் இத்தாலியரும் சீனரும் கறுப்பரும் நெரிசலாக வாழ்ந்தனர். 1911இல் நகரச் சுகாதார அதிகாரி சார்ள்ஸ் ஹேஸ்ரிங்ஸ் அப்பகுதியினதும் ஏனைய சேரிகளினதும் நிலைபற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். தண்ணீர்க்குழாயும் மலசலகூடமும் அற்ற வீடுகளைப் பற்றி அவர் எழுதியவை உண்மை. ஆனால் நகரசபை அடுத்த ஆண்டு செய்தது என்ன? மாகாண அரசிடம் அதிகாரம் பெற்று, 1912இல் 6061ஆம் இலக்க உபவிதியை இயற்றி, பெயர் குறிப்பிட்ட வசிப்பிடத் தெருக்களில் அடுக்குமாடி வீடுகள் கட்டுவதைத் தடை செய்தது. சேரி 'வார்ட்'டில் இருந்தது. தடையோ வசதிபடைத்தோரின் தெருக்களில். பின்னர் காலத்துக்குக் காலம் புதிய தெருக்கள் அப்பட்டியலில் சேர்ந்தன. 'வார்ட்' படிப்படியாக இடிக்கப்பட்டது. அதன் நிலத்தில் ஒரு பகுதியில்தான் 1965இல் திறக்கப்பட்ட இன்றைய மாநகரசபைக் கட்டடம் நிற்கிறது.

விதியால் செய்ய முடியாததை உறுதி எழுதுபவர்கள் செய்தார்கள். காணி உறுதியிலேயே 'இன்னாருக்கு விற்கக்கூடாது' என்று நிபந்தனை எழுதப்பட்டது. 1945இல் தொழிலாளர் கல்விச் சங்கம் ரொறன்ரோவுக்கு அருகே வாங்கிய காணியில், யூதருக்கோ 'ஆட்சேபத்துக்குரிய' தேசத்தவருக்கோ விற்கலாகாது என்ற நிபந்தனை இருந்தது. நீதிபதி கைலர் மக்கே அது பொதுநலனுக்கு முரண் என்று நீக்கினார். ஆனால் நான்கு வருடங்களின் பின், ஹூரோன் ஏரிக்கரையிலுள்ள பீச் ஓ பைன்ஸ் விடுமுறைக் குடியிருப்பு வழக்கில் ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் யூதரையும் 'நிறமுடைய' இனத்தவரையும் விலக்கும் நிபந்தனையைச் செல்லும் என்றது. 1950இல் கனடிய உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. இனப்பாகுபாடு தவறு என்பதற்காக அல்ல, எழுத்தின் தெளிவின்மையும் சொத்துச் சட்டத்தின் நுணுக்கமுமே காரணம். எங்களில் பலர் இன்று வீடு வாங்கியிருக்கும் நிலங்களுக்கு இப்படியும் ஒரு கதை உண்டு.

இனி, 'குடும்பம்' என்ற சொல்லுக்கு வருவோம். தனிக் குடும்ப வீடு என்றால், குடும்பம் என்பது யார் என்று யாராவது சொல்லவேண்டும் அல்லவா? நகரசபைகள் அதையும் எழுதிவைத்தன. இரத்த உறவு, திருமணம், சட்டப்படியான தத்து. நியூயோர்க் மாநிலத்தின் பெல் ரெர் என்ற கிராமம் உறவில்லாத இருவருக்கு மேல் ஒரு வீட்டில் இருக்கக்கூடாது என்று விதித்தது. ஆறு மாணவர்கள் சேர்ந்திருந்த ஒரு வீட்டின் வழக்கில், 1974இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் அது சரியென்றது. தீர்ப்பை எழுதிய நீதிபதி டக்ளஸ் தனிமனித உரிமைகளின் காவலராகப் பெயரெடுத்தவர்!

இதைவிட எம்மைச் சிந்திக்கவைக்கும் வழக்கு 1977இல் வந்தது. இதுவும் கிளீவ்லாந்தின் ஒரு புறநகர்தான்: கிழக்கு கிளீவ்லாந்து. இனெஸ் மூர் என்ற பாட்டி தன் மகனோடும் இரண்டு பேரன்மாரோடும் வாழ்ந்தார். ஒரு பேரன் அந்த மகனின் பிள்ளை. மற்றவன் இன்னொரு மகனின் பிள்ளை, தாய் இறந்தபின் பாட்டியிடம் வளர வந்தவன். நகரத்தின் விதிப்படி ஒரு பிள்ளையின் மக்களைப் பாட்டி வைத்திருக்கலாம், இரண்டு பிள்ளைகளின் மக்களை வைத்திருக்க முடியாது. பேரன்கள் சகோதரர்களாக இருந்திருந்தால் குற்றமில்லை. இரண்டாவது பேரன் 'சட்டவிரோதக் குடியிருப்பாளன்' என்று 1973இல் பாட்டிக்கு அறிவித்தல் வந்தது. அவனை வெளியேற்ற மறுத்தார். ஐந்து நாள் சிறை, 25 டொலர் தண்டம்.

தமிழில் இந்த வழக்கை எழுதவே முடியாது. அண்ணன் தம்பியின் பிள்ளைகள் எங்கள் மொழியில் அண்ணன் தம்பிதான். பெரியப்பாவின் மகனை வேறெப்படி அழைப்போம்? கிழக்கு கிளீவ்லாந்தின் விதியை யாழ்ப்பாணத்துக் கிழவியொருத்தியிடம் வாசித்துக் காட்டினால் அவவுக்குக் குற்றம் எதுவென்றே விளங்காது. உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் அத்தண்டனையை நீக்கியது. அப்பா, அம்மா, பிள்ளை என்ற மூன்று சொற்களுக்குள் குடும்பத்தை அடைக்க அரசுக்கு உரிமையில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம்.

இவ்வழக்கில் நாம் மறக்கக்கூடாத ஒரு விடயம் உண்டு. அந்த விதியை அமுல்படுத்திய கிழக்கு கிளீவ்லாந்து கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழ்ந்த நகரம். அதன் ஆணையாளர் சபையும் கறுப்பினத்தவரிடமே இருந்தது, நகர முகாமையாளரும் கறுப்பினத்தவரே. பெருநகரின் நெரிசலிலிருந்து பாடுபட்டு வெளியேறி வந்தவர்கள், அந்த நெரிசல் தம்மைப் பின்தொடர்ந்து வந்துவிடுமோ என்ற அச்சத்தில் அந்த வேலியைக் காத்தார்கள். சிறைக்கு அனுப்பப்பட்டதும் கறுப்பினப் பாட்டிதான். இதை வாசித்தபோது எனக்குத் தெரு முனை வீடும் கையெழுத்துத் தாளும் ஞாபகத்துக்கு வந்தன.

கனடாவில் இக்கேள்வி 1979இல் முடிவுக்கு வந்தது. நோர்த் யோர்க்கில், உறவினரல்லாத இருவரோடு சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்த பெல் என்பவர்மீது வழக்குப் பதியப்பட்டது. கட்டடம் எப்படிப் பயன்படுகிறது என்பதை விதிக்கலாம், ஆனால் உள்ளே இருப்பவர்கள் ஒருவருக்கொருவர் என்ன உறவு என்பதைக் கொண்டு வலயம் பிரிக்கச் சபைக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் அவ்வுபவிதியை நீக்கியது. பின்னாளில் ஒன்ராறியோவின் திட்டமிடல் சட்டத்திலேயே அது எழுதப்பட்டது. ஆக, 1987இல் எங்கள் வீட்டுக்காரர் எங்களைச் சொந்தக்காரர் என்று பொய் சொல்லவைத்தபோது அந்தப் பொய் தேவையற்றதாகி எட்டு வருடங்கள் கடந்திருந்தன. அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. உரிமை வந்த செய்தி பேஸ்மன்ற்றுக்கு இறங்கிவர நேரமெடுக்கும்.

ஆனால் அடுப்பு குற்றமாகவே இருந்தது. 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 தமிழர் கண்டெடுக்கப்பட்டதிலிருந்து அடுத்த பத்தாண்டுகளில் வந்துசேர்ந்த எம்மவரில் எத்தனை பேர் இப்படி ஒளித்த அடுப்பில் சமைத்தோம் என்பதை யாரும் எண்ணி வைக்கவில்லை. 1994இல் மாகாணத்தின் புதிய ஜனநாயகக் கட்சி அரசு, வீட்டுக்குள் இரண்டாவது குடியிருப்பை எந்த நகரசபையும் தடுக்க முடியாது என்று சட்டமியற்றியது. அடுத்த தேர்தலில் வந்த பழமைவாதக் கட்சி அரசு அதைத் திருப்பியெடுத்தது. 1995 நவம்பர் 16இல் இருந்தவை மட்டும் தப்பின. 1998இல் ஆறு நகரசபைகள் ஒன்றிணைந்து உருவான புதிய ரொறன்ரோ 2000இல் தன் எல்லைக்குள் மீண்டும் அனுமதித்தது. 2012 ஜனவரியிலிருந்து மாகாணம் முழுவதும் நகரசபைகள் இரண்டாவது குடியிருப்பை அனுமதித்தாகவேண்டும். 2022இன் சட்டம் அதை மூன்றாக்கியது. ரொறன்ரோ 2023 மேயில் நாலாக்கியது. அடுப்பு மெல்ல மெல்ல மன்னிக்கப்பட்டது.

அறை அறையாக வாடகைக்கு விடும் வீட்டின் கதை இன்னும் நீண்டது. பழைய ரொறன்ரோ நகரில் அது உரிமம் பெற்று நடக்கலாம். ஸ்காபரோவிலும் நோர்த் யோர்க்கிலும் கிழக்கு யோர்க்கிலும் முற்றாகத் தடை. நகரங்கள் ஒன்றான பின்னரும் கால் நூற்றாண்டுக்கு இந்தப் பழைய எல்லைக்கோடு அழியவில்லை. 2022 டிசம்பரில் சபை முடிவெடுத்து, 2024 மார்ச் 31இலிருந்துதான் நகரம் முழுவதும் ஒரே விதி. இங்கிலாந்து வாசகர்களுக்கும் இது புதிதல்ல. 2010இலிருந்து அங்கே உறவினரல்லாத மூவர் முதல் அறுவர்வரை சேர்ந்து வாழும் வீடு தனியொரு பயன்பாட்டு வகுப்பு. பல உள்ளூராட்சிச் சபைகள் தம் பகுதிகளில் அதற்கு முன்னனுமதி கேட்கின்றன.

என் அயலவரின் முறைப்பாடுகளை நான் அலட்சியம் செய்யவில்லை. குப்பை, இரைச்சல், தீ எல்லாம் உண்மையானவை. எமது பேஸ்மன்ற்றில் ஒரே வாசல்தான் இருந்தது. யன்னலால் ஒரு பூனை போகலாம், மனிதன் போகமுடியாது. தீப்பிடித்திருந்தால் பகல்நித்திரைக்காரர் இருவரும் போயிருப்பார்கள். ஆனால் நாங்கள் ஏன் ஒருநாளும் முறையிடவில்லை? முறையிட்டால் வீடே இல்லாமற் போகும். தடை அந்த வாசலைப் பெரிதாக்கவில்லை, அதைப் பற்றிப் பேசும் வாயையே அடைத்தது. வாசலை அகலமாக்கச் சொல்லும் விதி வேறு, வாசலால் வருபவன் யாரென்று கேட்கும் விதி வேறு. முதலாவதை நாம் கேட்டுப் பெறவேண்டும். இரண்டாவது மொடெஸ்ரோவிலிருந்து வந்தது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எங்கள் தெருவில் எத்தனை பேர் வீட்டுக்கடனின் முதல் பத்து வருடங்களைப் பேஸ்மன்ற் வாடகையில் கட்டினோம் என்பது எங்களுக்குத் தெரியும். சட்டவிரோத அடுப்புகள்தான் எங்களைச் சட்டபூர்வமான வீட்டுக்காரர்களாக்கின.

இதெல்லாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்டது என்று சொல்லித் தப்பவும் முடியாது. எங்கள் ஊரில் யார் எங்கே குடியிருக்கலாம் என்பதற்குக் கிராமசபை வரைபடம் எதையும் கீறவில்லை. தேவைப்படவில்லை. 1706-07இல் ஒல்லாந்தர் தொகுத்த தேசவழமையில் காணி விற்கும்போது பங்காளிக்கும், ஈடு பெற்றிருந்தால் அயற்காணிக்காரனுக்கும் முதலில் வாங்கும் உரிமை இருந்தது. சொந்தத்துக்குள் காணியைக் காக்க அது போதும். எஞ்சியதைச் சாதி பார்த்துக்கொண்டது. எந்தக் கிணற்றில் யார் அள்ளலாம், எந்த ஒழுங்கையில் யார் வீடு கட்டலாம் என்று எந்த உபவிதியிலும் எழுதப்பட்டதில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து உயர் பாதுகாப்பு வலயத்துக்காகத் துரத்தப்பட்ட மக்களில், பல தசாப்தங்களின் பின்னும் முகாம்களில் எஞ்சியிருந்தவர்கள் யார்? பெரும்பாலும் சொந்தக் காணியில்லாத, ஒடுக்கப்பட்ட சாதியினர். வலயத்தை இராணுவம் போட்டது. வெளியே அவர்களுக்குக் காணி விற்க மறுத்தவர்கள் நாங்கள்.

அடுத்த சனிக்கிழமை அயலவர் மீண்டும் வந்தார். கையெழுத்து வைக்க முடியாது என்றேன். "நீங்களும் வீட்டுக்காரன்தானே அண்ணை?" என்று கேட்டார். ஓம் என்றேன். தேநீர் குடித்தபடி அடுப்பின்மேல் வைத்த சாமிப்படத்தின் கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தானும் ஒரு பேஸ்மன்ற்றில் ஒன்பது பேரோடு இருந்ததாகச் சொன்னார், அது வேறு காலம் என்றார். பின்னர் இருவருமாக முனை வீட்டுக்குப் போனோம். கதவைத் திறந்த பெடியன் எங்களைக் கண்டதும் முதலில் சொன்னது, "நாங்கள் எல்லோரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள்" என்றுதான். குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள், எந்த நிறத் தொட்டிக்குள் எது என்று யாரும் அவர்களுக்குச் சொல்லியிருக்கவில்லை. புகை அறிவிப்பான் இரண்டு வேலை செய்யவில்லை. அதை வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிக் கேட்கச் சொன்னோம். கேட்டால் எழும்பச் சொல்லிவிடுவாரே என்று பயந்தார்கள்.

என் அயலவர் அந்தத் தாளைக் கிழித்துவிடவில்லை. இன்னும் கையெழுத்துச் சேர்க்கிறார் என்றே நினைக்கிறேன். தன் பக்க நியாயத்தை இந்த இதழுக்கு எழுதும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். வாசகர்களில் அவரோடு உடன்படுபவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். நீங்களும் எழுதுங்கள். ஆனால் எழுதுமுன், நீங்கள் வந்த முதலாவது வருடத்தில் உங்கள் அடுப்பு எங்கே இருந்தது என்பதையும் ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.